தூளின் இயல்பும் நம் தொழிலும்

(கல்விக் கழக வெள்ளி விழாக் கூட்டத்தில், அரசுப் பள்ளித் தலைமையாசிரியர், பி.ஏ., பி.எட்., அவர்கள் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழா மேடையில் கல்வியின் பெருமையைப் பேசுவது வழக்கம். எமக்கு முன் பேசிய நண்பர்கள் அதனை நிறைவாகச் செய்துவிட்டனர். ஆகவே நாம் இன்று தூளைப் பற்றிப் பேசவிருக்கிறோம். மாவு, பொடி, மணல், சாம்பல், சிமெண்டு ஆகிய தூள். சிலர் சிரிப்பது தெரிகிறது. சிரிக்கலாம், அதற்குள் ஒரு செய்தியைச் சொல்லிவிடுகிறோம்.

ஈராண்டுகளுக்கு முன் நம் தெருவைச் சேர்ந்த இளைஞர் ஒருவர், பாலிடெக்னிக் படிப்பை நல்ல மதிப்பெண்ணோடு முடித்தவர், வெளிமாவட்டத்து ஆலை ஒன்றின் நேர்முகத் தேர்வுக்குச் சென்றார். "சிமெண்டு திண்மமா, நீர்மமா?" என்று கேட்டார்கள். "திண்மம்" என்றார். "திண்மமாயின் குழாயில் எவ்வாறு ஓடுகிறது?" என்றார்கள். தயங்கினார். "ஓடும் பொருளாயின், தொட்டியின் வாயைத் திறந்துவிட்ட பிறகும் சில வேளை ஒரு பிடிகூட விழாமல் நிற்பது ஏன்?" என்றார்கள். அவர் வாய் மூடிக்கொண்டது. வேலை வேறொருவருக்குப் போயிற்று. அவருடைய தந்தையார் இருபதாண்டுகள் மூட்டை ஏற்றியவர். தாயார் நாள்தோறும் முறமும் சல்லடையும் பிடிப்பவர். விடை வீட்டிலேயே இருந்தது. நாவுக்கு மட்டும் வந்து சேரவில்லை. அன்றிரவு அவர் எம்மிடம் வந்து அதே கேள்விகளைக் கேட்டார். நாம் பட்டம் பெற்றது வரலாற்றில். எமக்கும் தெரியவில்லை. பிறகு எம் பள்ளியின் அறிவியல் ஆசிரியர் துணையோடு படித்தோம். அப்படிப்பில் நமக்குப் பயன்படுவதை மட்டும் இங்கே சொல்கிறோம்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டுவது, தூள் என்பது திண்மமும் அன்று, நீர்மமும் அன்று, வாயுவும் அன்று என்பதே. ஒவ்வொரு துகளும் திண்மந்தான். ஆயின் கோடிக்கணக்கான துகள்கள் ஒன்றுகூடினால் அக்கூட்டத்திற்குத் தனி இயல்பு வந்துவிடுகிறது. களத்தில் நெல்லைக் கொட்டுங்கள். நீராயிருந்தால் பரந்து ஓடிவிடும், நெல் குவிகிறது. மேன்மேலும் கொட்டினால் குவியல் உயரும். ஆனால் அதன் சரிவு ஓர் அளவுக்குமேல் செங்குத்தாவதில்லை, சரிந்து தன் பழைய சாய்வையே அடைகிறது. உலர்ந்த மணலுக்கு இச்சாய்வு முப்பது பாகைக்குச் சற்று மேலாக இருக்கும். இதனைச் சறுக்குக் கோணம் என்று இன்றைய பதினோராம் வகுப்புப் பாடநூல் கூறுகிறது. ஆலைக்காரர்கள் குவியலுக்கு எவ்வளவு இடம் விடவேண்டும், தொட்டியின் அடிப்பகுதியை எவ்வளவு சரிவாக அமைக்கவேண்டும் என்று எண்ணத் தொடங்கும்போது இக்கோணத்தையும் பார்க்கிறார்கள்.

அடுத்து, தாய்மார்கள் அறிந்த ஒன்று. கோலமாவு விரலிடையே ஒழுங்காக இறங்குகிறது. நன்றாக அரைத்த அரிசி மாவை அவ்வாறு விட்டுப் பாருங்கள். கட்டி கட்டியாக விழும். இரண்டும் உலர்ந்த தூளே. வேறுபாடு பருமனில் இருக்கிறது. மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். துகள் ஏறத்தாழ நூறு மைக்ரானுக்கு மேற்பட்டிருந்தால் அதன் எடை அதனைக் கீழே இழுத்துச் செல்லும். அதினும் மிகச் சிறுத்துவிட்டால், அண்டைத் துகளோடு ஒட்டிக்கொள்ளும் ஈர்ப்பு எடையை வென்றுவிடுகிறது. துகளின் குறுக்களவைப் பாதியாக்கினால் அதன் எடை எட்டில் ஒன்றாகிறது. ஒட்டும் விசையோ பாதியளவே குறைகிறது. சிறியவை ஒன்றையொன்று பற்றிக்கொள்வதற்குக் காரணம் இதுதான்.

இனி அளவையைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச வேண்டும். நம் முன்னோர் வயிற்றைத் தொட்ட செய்தி அது.

எம் தந்தையார் காலத்தில் அறுவடைக் கூலி நெல்லாகவே கிடைத்தது. கூலி அளக்கும்போது மரக்காலில் நெல்லை மெல்லத் தூவினாற்போல் விட்டுத் தலை வழித்துவிடுவார்கள். அதே வீட்டில் பஞ்ச காலத்தில் வாங்கிய கடன் நெல்லைத் திருப்பும்போது மரக்காலைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டி, குலுக்கி, மேலே குவித்து அளந்து வாங்குவார்கள். மரக்கால் ஒன்றே, நெல்லும் ஒன்றே. அதனால் யாரும் வழக்குப் பேச முடியவில்லை. "தட்டினால் எறங்குதே" என்று எம் தாயார் வீட்டில் முணுமுணுப்பார். அவர் எழுத்தறியாதவர். ஆனால் அவர் கண்டது பிழையன்று. ஒரே அளவுள்ள உருண்டைகளை ஒரு பாத்திரத்தில் மெல்ல விட்டால் நூற்றில் அறுபது பங்கு இடத்தையே அவை நிரப்புகின்றன, மிச்சம் வெற்றிடம். குலுக்கினால் நூற்றில் 64 பங்குவரை நிரப்பும். குலுக்கி வாங்கிய பத்து மரக்காலைத் தூவி அளந்தால் பத்துக்கு மேலும் அரை மரக்காலுக்கு அதிகமாகவே வரும். நெல் உருண்டையன்று, உள்ளபடி கணக்குச் சற்று மாறும். போன திசை மட்டும் மாறாது. குவித்ததை நாம் இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை.

தூளின் பரும அளவு ஒருபோதும் உறுதியானதன்று, எடைதான் உறுதி. இதே செய்தி இன்று கட்டட வேலையில் வேறு உருவில் இருக்கிறது. ஈர மணல் பொதும்பிக்கொள்ளும். நூற்றுக்கு ஐந்து பங்கு ஈரமுள்ள மணல், உலர்ந்த மணலைக் காட்டிலும் கால் பங்கு அதிகமாக இடத்தை அடைத்துக்கொள்வது உண்டு. துகள்களைச் சுற்றிய நீர்ப்படலம் அவற்றை நெருங்கவிடாமல் பிரித்து வைக்கிறது. முழுக்க நனைத்துவிட்டாலோ பழையபடி அடங்கிவிடும். சட்டிக்கணக்கில் கலவை போடும் நம் கொத்தனார்களும் சித்தாள்களும் மழைநாளில் இதனை நினைவிற்கொள்ளவேண்டும். எண்ணிக்கை சரியாக இருந்தும் கலவை மாறிப்போயிருக்கும்.

சிமெண்டுக்கு வருவோம். ரெட்டிபாளையத்தில் இருந்துகொண்டு சிமெண்டுக்கு வராமல் எப்படி முடியும்? இங்கே அல்ட்ராடெக் ஆலை இருக்கிறது. அரியலூரில் 1979இல் அரசு சிமெண்டு ஆலை தொடங்கிற்று. அதற்கு நாற்பதாண்டுகளுக்கு முன்னரே, 1939இல், டால்மியாபுரத்தில் ஆலை எழுந்துவிட்டது. இவையெல்லாம் இங்கே வந்ததற்குக் காரணம் நம் காலடியில் கிடக்கும் சுண்ணாம்புக் கல். கடல் இங்கே இருந்த காலத்தில் வாழ்ந்த உயிர்களின் ஓடுகள் படிந்து உண்டான கல் அது. கல்லங்குறிச்சிப் பக்கத்துக் கல்லில் சிப்பிகளைக் கண்ணாலேயே பார்க்கலாம். அவற்றின் வயது ஏறத்தாழ ஏழு கோடி ஆண்டு.

அக்கல்லைத் தூளாக்கி, களிமண் முதலியவற்றோடு கலந்து, 1450 பாகை செல்சியசு அளவு வெப்பத்தில் சுட்டால் கிளிங்கர் என்னும் உருண்டைகள் கிடைக்கும். கிளிங்கரைச் சிறிது ஜிப்சம் சேர்த்து மறுபடியும் அரைத்தால் சிமெண்டு. கவனியுங்கள்: முதலில் தூளாக்குகிறார்கள், பின்பு சுடுகிறார்கள், மறுபடியும் தூளாக்குகிறார்கள். ஆலை செலவிடும் மின்சாரத்தில் பாதிக்கு மேல் அரைப்பதற்கே போகிறது. ஏன் இவ்வளவு பாடு? கிளிங்கரை அப்படியே நீரில் போட்டால் மேற்பரப்பு மட்டுமே நீரோடு வினைபுரியும். அரைக்க அரைக்கப் பரப்பு பெருகுகிறது. ஒரு சென்டிமீட்டர் கனசதுரம் ஒன்றின் மொத்தப் பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதனைப் பத்து மைக்ரான் கனசதுரங்களாக்கினால் நூறு கோடித் துண்டுகள் ஆகும். பரப்பு 6,000 சதுர சென்டிமீட்டராகிவிடும். பொருள் கூடவில்லை, வெளிமுகம் ஆயிரம் மடங்காயிற்று.

ஆகவேதான் சிமெண்டின் தரத்தை அதன் நுண்மையாலும் அளக்கிறார்கள். தூளை அழுத்தி வைத்து அதனூடே காற்றைச் செலுத்தி, காற்று கடக்கும் நேரத்தைக் கொண்டு பரப்பைக் கணக்கிடும் கருவிக்குப் பிளேன் கருவி என்று பெயர். இந்தியத் தர அளவுப்படி, அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த போசோலானா சிமெண்டு கிலோ ஒன்றுக்குக் குறைந்தது 300 சதுர மீட்டர் பரப்பு உடையதாயிருக்கவேண்டும். ஐம்பது கிலோ மூட்டைக்கு 15,000 சதுர மீட்டர். இதனை நம் வழக்குக்கு மாற்றினால் மூன்றரை ஏக்கருக்கு மேல் வருகிறது. இக்கணக்கைப் போட்டு முடித்த அன்று நாம் நெடுநேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு சென்ட் பட்டா இல்லாத நம் தோழர் ஒருவர், மூட்டைக்கு மூன்றரை ஏக்கர் வீதம் நாள் முழுதும் லாரியில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்.

ஆலைக்குள் நடப்பவற்றில் பல, நம் களத்திலும் வீட்டிலும் நடப்பவையே. காற்றில் நெல்லைத் தூற்றுகிறோம். கனமானது அருகே விழுகிறது, பதர் அப்பால் போகிறது. அரைத்த சிமெண்டில் நுண்ணியதைப் பருத்ததிலிருந்து பிரிக்கும் 'செப்பரேட்டர்' இதனையே சுழலும் காற்றில் செய்கிறது. முறத்தைத் தட்டினால் பெரியவை மேலேயும் சிறியவை அடியிலும் போய்ச் சேர்கின்றன. வீட்டில் இது வசதி; ஆலையில் தொல்லை. நன்றாகக் கலந்த தூளை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்திற்குக் கொண்டுபோகும் வழியிலேயே அது பிரிந்துவிடும். மாத்திரை செய்யும் ஆலையில் அப்படிப் பிரிந்தால் ஒரு மாத்திரையில் மருந்து மிகும், இன்னொன்றில் குறையும். சிமெண்டு ஆலையில் சூளைக்குப் போகும் கல்தூளைப் பெரிய சைலோவில் இட்டு, அடியிலிருந்து காற்றை ஊதிக் கலக்குகிறார்கள். காற்று ஊடே புகுந்ததும் துகள்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன, உராய்வு போய்விடுகிறது, தூள் நீர்போல ஆகிவிடுகிறது. சற்றே சாய்ந்த, அடியில் துணி வைத்த பாதையில் சிமெண்டு ஓடுவது இப்படித்தான். காற்றை நிறுத்தினால் நின்றுவிடும். இளைஞரிடம் கேட்ட இரண்டாவது கேள்விக்கு விடை இது.

மூன்றாவது கேள்விக்கு விடை குதிரில் இருக்கிறது. நீர்த்தொட்டியில் ஆழம் கூடக்கூட அடியில் அழுத்தம் கூடும். குதிரில் அவ்வாறு கூடிக்கொண்டே போவதில்லை. ஓர் உயரத்திற்குமேல் நெல்லின் பாரத்தைச் சுவரே தாங்கிக்கொள்கிறது. ஜான்சன் என்னும் ஜெர்மானியப் பொறியாளர் 1895இல் தானியக் களஞ்சியங்களை ஆராய்ந்து இதனைக் கணக்காக எழுதினார். துகள்கள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து, சுவரில் கால் ஊன்றி நிற்கின்றன. வெளியேறும் துளை சிறிதாயிருந்து, தூள் ஒட்டுந்தன்மையும் உடையதாயிருந்தால், துளைக்கு மேலே அது கல்வளைவுபோல் கட்டிக்கொள்ளும். செங்கல் வளைவு எப்படி மேற்பாரத்தைத் தாங்குகிறதோ அப்படியே தாங்கும். கீழே வெறுமை, மேலே டன் கணக்கில் தூள். துளை எவ்வளவு அகலமாயிருந்தால் வளைவு கட்டாது, சுவர் எவ்வளவு செங்குத்தாயிருக்கவேண்டும் என்பதைக் கணக்கிடும் முறையை அமெரிக்காவில் ஜெனிக்கி என்பவர் 1964இல் வெளியிட்டார். அதுவரை பெரும்பாலும் கண்மதிப்பும் சுத்தியல் அடியுந்தான் துணை. இன்றும் பல இடங்களில் சுத்தியலடி பட்டுக் குழிந்த தொட்டிகளைக் காணலாம்.

இவ்வளைவைப் பற்றி நாம் அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. எம் பழைய மாணவர் ஒருவர் தொலைவிலுள்ள ஓர் ஆலையில் ஒப்பந்தக் கூலியாக இருந்தார். சாம்பல் தொட்டியின் வாய் அடைத்துக்கொண்டது. மேலே ஏறி இறங்கிக் கம்பியால் குத்திவிடச் சொன்னார்கள். மேலிருந்து பார்த்தால் தரைபோலத் தெரிந்தது, இறங்கினார். அது வளைவின் முதுகு. இரண்டு குத்தில் உடைந்தது. கணப்பொழுதில் மார்புவரை புதைந்தார். திண்மத்தில் நிற்கலாம், நீரில் நீந்தலாம்; தூளில் இரண்டும் இயலாது. மூச்சை வெளியே விடும்போது மார்பு சுருங்கும். சுருங்கிய இடத்தில் தூள் இறங்கிவிடும். அடுத்த மூச்சு முன்னதைவிடக் குறுகும். கைகளைப் பற்றி இழுத்தார்கள், அசையவில்லை. பிறகு அனுபவசாலி ஒருவர் பலகைகளைச் சுற்றிலும் இறக்கித் தடுப்பாக்கி, உள்ளே உள்ளதை மட்டும் வாரி எடுக்கச் செய்தார். பிழைத்தார். ஆனால் இன்றும் மூடிய அறையில் அவர் உறங்குவதில்லை.

அடைத்த தொட்டியை வெளியிலிருந்தே குத்தித் திறக்கவேண்டும். இறங்கியே ஆகவேண்டுமென்றால் கீழ்வாயிலைப் பூட்டி, எழுத்து மூலமான அனுமதி பெற்று, இடுப்புவாரும் கயிறும் கட்டி, கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்கவேண்டும். தூசியும் வளியும் மூச்சை அடைக்கக்கூடிய மூடிய அறைகளுக்குள் இறங்க வாரும் கயிறும் எழுத்துச் சான்றும் வேண்டுமென்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே தன் 36ஆம் பிரிவில் விதித்தது. கயிறு கேட்பது அச்சத்தின் அடையாளமென்று மேஸ்திரி சிரித்தால், சிரித்துவிட்டுப் போகட்டும்.

தூளின் இன்னொரு தீங்கு சத்தமிடாதது. நூறு மைக்ரான் துகள் மூன்று மீட்டர் உயரத்திலிருந்து சில விநாடிகளில் தரைக்கு வந்துவிடும். ஒரு மைக்ரான் சிமெண்டுத் துகள் அசையாத காற்றில் அவ்வளவு தூரம் இறங்க ஏறத்தாழ எட்டு மணி நேரம் ஆகும்; ஒரு முழு ஷிப்டு. கண்ணுக்குத் தெரிந்த தூசி அடங்கிவிட்டது என்று முகத்துணியைக் கழற்றுகிறோமே, அந்நேரத்தில் மூச்சில் போய்க்கொண்டிருப்பது இதுதான். பெரிய தூசியை மூக்கும் தொண்டையும் தடுத்துவிடும். ஐந்து மைக்ரானுக்கும் சிறியதே நுரையீரலின் ஆழத்துக்குப் போகிறது. குறிப்பாகக் கல்லுடைக்கும் இடங்களில் குவார்ட்சு கலந்த தூசி சிலிக்கோசிஸ் என்னும் நோயைத் தரும். உண்டானபின் அதனைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. தோள்துண்டை மூக்கில் கட்டிக்கொள்வது இந்நுண்தூசிக்குப் போதாது. அதற்கென்று செய்த முகமூடி வேண்டும், தண்ணீர் தெளித்து உடைக்கவேண்டும்.

தூசியை அடக்க முடியாது என்று யாரேனும் சொன்னால் நம்பவேண்டாம். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்து ரிவர்சைடு என்னும் ஊரில் சிமெண்டு ஆலைத் தூசி ஆரஞ்சுத் தோட்டங்களில் படிந்தது, தோட்டக்காரர்கள் வழக்காடினார்கள். அதன் விளைவாகக் காட்ரெல் என்பவர் கண்டுபிடித்த, மின்னேற்றத்தால் தூசியைப் பிடிக்கும் கருவியை அவ்வாலையில் 1912ஆம் ஆண்டளவில் நிறுவினார்கள். பிடித்த தூசியில் பொட்டாசு உரம் இருந்தது. முதல் உலகப் போர்க்காலத்தில் அதனை விற்றே பணம் பண்ணினார்கள்! இன்றைய ஆலைகளின் புகைபோக்கிக்கு முன் மின் தூசிபிடிப்பானோ பை வடிகட்டியோ நிற்கிறது. அவற்றை இயக்கவும் பழுதுபார்க்கவும் ஆள் வேண்டும் என்பதை இளைஞர்கள் குறித்துக்கொள்ளவும்.

சிமெண்டு எரியாது. ஆனால் சூளையை எரிக்க ஆலைகள் அரைத்து வைக்கும் நிலக்கரித் தூள் எரியும்; காற்றில் மிதக்கும்போது வெடிக்கும். பரப்பு பெருகுவதால் வரும் வினை இதுவும். கோதுமை மாவுகூட அப்படித்தான். 1878 மே 2 அன்று அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரத்து மாவாலை ஒன்று மாவுத் தூசியால் வெடித்து 18 பேர் மாண்டனர். 1965 மே மாதம், அன்று பீகாரிலிருந்த தோரி நிலக்கரிச் சுரங்கத்தில் கரித்தூசி வெடித்து 268 தொழிலாளர் மடிந்தனர். 2025 ஜூன் 30 அன்று தெலங்கானாவின் பாசமைலாரத்தில், மாத்திரைக்குச் சேர்க்கும் செல்லுலோஸ் தூள் செய்யும் ஆலையில் நேர்ந்த வெடிப்பில் 40க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இத்தகைய இடங்களில் பெருக்கும் வேலையை நம்மவர்க்குத்தான் தருகிறார்கள். மேற்கூரைச் சட்டங்களில் படிந்த தூசியை அழுத்தக் காற்றால் ஊதிக் கலைப்பது விரைவாக இருக்கும். செய்யவேண்டாம். படிந்திருக்கும்வரை அது தூசி. கிளப்பிவிட்டால் அது வெடிமருந்து.

நேரம் ஆகிவிட்டது, சோற்றுப் பானை இறக்கிவிட்டதாகவும் சொல்கிறார்கள். ஒன்றே ஒன்று. அந்த இளைஞர் இப்போது ஓர் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் மாதிரி எடுக்கும் வேலையில் இருக்கிறார். இரண்டாம் முறை அழைப்பு வந்தபோது குதிரின் கதையைச் சொன்னாராம். விடுமுறைக்கு வந்திருக்கும் அவர், வரும் ஞாயிறு மாலை நான்கு மணிக்குக் கழகப் படிப்பகத்தில் இவற்றையெல்லாம் செய்து காட்ட இசைந்துள்ளார். 90 மைக்ரான் சல்லடை ஒன்றை எம் பள்ளி அறிவியல் ஆசிரியர் இரவல் வாங்கித் தருகிறார். கண்ணாடிக் குடுவைகள் இருக்கின்றன. யாராவது ஒரு படி கோலமாவும், ஒரு படி அரிசி மாவும், வீட்டில் பழைய மரக்கால் கிடந்தால் அதையும் கொண்டுவரவேண்டும்.